சிக்னலில் அடங்கிப்போகும் கார்

சர்வேயர் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் தெருவில் அவர் சர்வேயர்தான். நிலம் அளக்கும் கருவியில் கண்ணை வைத்தே காலத்தைக் கழித்தவர். சுவரில் மாட்டிய படம் நூலளவு சாய்ந்திருந்தாலும் எழுந்து போய் நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவார். அவர் மனைவியை எல்லோரும் சூப்பரக்கா என்பார்கள். துணி தைக்கும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் சூப்பர்வைசராக இருந்தவள். ‘சூப்பர்வைசர் அக்கா’ என்று முழுதாகக் கூப்பிட நேரமில்லாத பெண்கள், நடுவில் வெட்டி இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்துக்கொடுத்த பெயர் அது. புதிதாகக் கேட்பவர்கள் சிரித்தால், “சூப்பரெல்லாம் ஒண்ணுமில்ல, வைசர் கழண்டு விழுந்துடுச்சு” என்பாள்.

ஐம்பத்தெட்டு வயதில் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஆசைப்பட்டு அல்ல. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் சர்வேயர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “எழுத்தெல்லாம் நெளியுது” என்றார். அன்றே கண் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் கட்டம் போட்ட ஓர் அட்டையைக் காட்டி, கோடுகள் எப்படித் தெரிகின்றன என்று கேட்டார். இடது கண்ணுக்கு அவை வளைந்து தெரிந்தன. வலது கண்ணுக்கு நடுவில் கோடே இல்லை.

“எத்தனை நாளா இப்படி இருக்கு?” என்றார் டாக்டர்.

“ரெண்டு வாரம் இருக்கும்” என்றார் சர்வேயர்.

விழித்திரையின் நடுவே நீர் கசிந்திருந்தது. மாதம் ஒருமுறை கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், இனி ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் கார் இருந்தது, ஓட்ட ஆள் இல்லை. சூப்பரக்கா மறுவாரமே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். முதல் தடவையிலேயே தேர்வில் தேறி உரிமமும் வாங்கிவிட்டாள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. பள்ளியின் காரில் ஒரு நாளும் நடுரோட்டில் நின்றறியாதவள், சொந்தக் காரை எடுத்தால் சிக்னலுக்குச் சிக்னல் இன்ஜின் அணைந்து நின்றாள். வேகமாகப் போகும்போது ஒன்றுமில்லை. கிளட்சை மிதித்து வண்டியை நிறுத்தினால் போதும், இன்ஜின் ஒருமுறை உறுமும், பிறகு இறங்கும், மறுபடி உறுமும், கடைசியில் தலையை உதறிக்கொண்டு அடங்கிப்போகும்.

“கிளட்சை அப்படித் தொப்புன்னு விட்டா என்ன ஆகும்?” என்பார் பக்கத்து இருக்கையிலிருந்து சர்வேயர். “தையல் மெஷின் பெடல்னு நெனச்சுட்டியா?”

“பள்ளிக்கூட வண்டியில நிக்கலையே?”

“அங்க அந்த மாஸ்டர் காலுக்கும் ஒரு செட்டு பெடல் இருக்கு. நீ ஓட்டினேன்னு நெனச்சுட்டிருக்க. ஓட்டினது அவரு.”

அவளுக்கும் அது உண்மையாக இருக்குமோ என்று தோன்ற ஆரம்பித்தது. அவர் முப்பது வருடம் ஓட்டியவர். சொல்கிறார் என்றால் காரணம் இருக்கும். இரவு படுக்கையில் கால் தானாகக் கிளட்சை மிதித்துப் பழகியது.

ஆறாவது ஊசிக்குப் போன அன்று பெரிய நாற்சந்தியில் கார் மூன்று முறை அடங்கியது. பச்சை விழுந்து, மஞ்சளாகி, சிவப்பானது. பின்னால் இருந்த லாரிக்காரர் கையை ஹாரனிலிருந்து எடுக்கவே இல்லை. பைக்கில் போன ஒருவர் பக்கத்தில் வந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, எதிர்பார்த்ததுதான் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

“இறங்கு, நான் எடுக்கறேன்” என்றார் சர்வேயர்.

“கண்ணை வெச்சுக்கிட்டு எடுக்கப் போறீங்களா?” என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊசி போட்டுக் கண்ணை மூடிக் கட்டி அவரை அழைத்துவந்தபோது வண்டி நிறுத்துமிடம் பாதி காலியாக இருந்தது. சூப்பரக்கா இன்ஜினைப் போட்டாள். கிளம்பவில்லை. கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, சும்மா இருந்தாள்.

“ஏன், என்னாச்சு?” என்றார் அவர்.

“கொஞ்சம் பேசாம கேளுங்க.”

அவள் செருப்பைக் கழற்றினாள். இருக்கையைப் பின்னால் தள்ளி, இரண்டு கால்களையும் மேலே தூக்கி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்துக் காரில் ஏறப்போன ஒரு குடும்பமே நின்று பார்த்தது. வெயிலில் நின்று சூடு ஆறாத இன்ஜின் சீராக ஓடியது ஒரு நிமிடம்தான். பிறகு யாரோ கண்ணுக்குத் தெரியாதவர் முடுக்கியதுபோல் ஏறியது, இறங்கியது. இன்ஜின் சுழற்சியைக் காட்டும் முள் ஆயிரத்து ஐந்நூறைத் தொடும், ஐந்நூறுக்கு விழும், மறுபடி எழும்.

“என் ரெண்டு காலும் இங்க இருக்கு. தொட்டுப் பாருங்க” என்றாள்.

கட்டுப் போடாத கண்ணை அவர் மூடிக்கொண்டிருந்தார். கையை நீட்டி அவள் முழங்காலைத் தொட்டார். “ஏ.சி. ஓடுதில்ல, அதா இருக்கும்” என்றார் குரலைத் தாழ்த்தி.

ஏ.சி.யை அணைத்தாள். இன்ஜின் அதேபோல் ஏறி இறங்கி, ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது.

“நாப்பது மெஷின் ஓடற ஹால்ல, ஒரு மெஷினுக்குப் பெல்ட் தளர்ந்தா எனக்கு வாசல்லயே தெரியும்” என்றாள். “இது என் கால் பண்றதில்ல. வண்டிக்குத்தான் ஏதோ.”

வீடு வரும்வரை நான்கு முறை அடங்கியது. ஒரு முறைகூட அவர் கிளட்சைப் பற்றிப் பேசவில்லை.

அவர்கள் போன மெக்கானிக்குக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். எந்த வேலையையும் அவசரமாகச் செய்யாதவர் என்பதால் வாடிக்கையாளர்கள் வைத்த பட்டம். மூன்று வண்டி நிற்கும் அளவு ஷெட். ஸ்பேனர்கள் அளவு வரிசையில் சுவரில் தொங்கின. எக்ஸ்பிரஸ் பானட்டைத் தூக்குவதற்கு முன் டீயைக் குடித்து முடித்தார். பிறகு சூப்பரக்காவிடம் கேள்வி கேட்டார். எப்போது அடங்குகிறது? வண்டி ஆறியிருக்கும்போதா, சூடானபிறகா?

“ஆறியிருந்தா ஒழுங்கா இருக்கு. கால் மணி நேரம் ஓடினதும் ஆரம்பிக்குது. காய்ச்சல்காரன் மூச்சு மாதிரி ஏறி ஏறி இறங்கும்” என்றாள்.

எக்ஸ்பிரஸ் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். “இவ்வளவு தெளிவா யாரும் சொல்லமாட்டாங்க அக்கா. வந்து ‘ஒரு மாதிரியா இருக்கு’ன்னுவாங்க.”

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். நன்றாகவே இருந்தன. இன்ஜினுக்குள் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியைக் கழற்றினார். உள்ளே பித்தளைத் தகட்டைச் சுற்றிக் கரி படிந்து, அடிப்பிடித்த பாத்திரம்போல இருந்தது. துணியாலும் கரியைக் கரைக்கும் மருந்தாலும் பொறுமையாகத் துடைத்து மாட்டினார்.

“இப்ப ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலேட்டரத் தொடாம பத்து நிமிஷம் சும்மா ஓடட்டும் அக்கா. அழுக்கு இருந்தப்போ வண்டி ஒரு கணக்குல காத்து எடுத்துக்கிட்டிருந்துச்சு. இப்ப புதுக்கணக்கு அதுவா பழகணும்.”

பத்து நிமிடம் மூவரும் ஒன்றும் செய்யாமல் நின்றார்கள். முள் எண்ணூறில் ஆணி அடித்ததுபோல் நின்றது. “கரிதான்” என்றார் சர்வேயர், தானே கண்டுபிடித்ததுபோல. சூப்பரக்காவுக்கு அவரைக் குத்திக்காட்டத் தோன்றவில்லை. மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

அந்த லேசு இரண்டு நாள்தான் நிலைத்தது. மூன்றாம் நாள் காய்கறி வாங்கிவிட்டுத் திரும்பும்போது கார் மறுபடி பெருமூச்சு விட ஆரம்பித்தது. அவள் வீட்டுக்கு வராமல் நேராக எக்ஸ்பிரஸ் ஷெட்டுக்கே ஓட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில் தொலைபேசியில் சொன்னதும் சர்வேயரும் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார்.

“சூடு ஆறாம கொண்டுவந்தீங்க பாருங்க, அதுதான் நல்லது” என்றார் எக்ஸ்பிரஸ். “அழுக்கும் இருந்திருக்கு, எங்கயோ ஓட்டையும் இருந்திருக்கு. அழுக்கு போனதுல ஓட்டை தனியா மாட்டிக்கிச்சு.”

இன்ஜினை ஓடவிட்டு, முழ நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாயை எடுத்தார். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை இன்ஜினைச் சுற்றி அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் வந்ததும் நிறுத்தி, காதிலிருந்த முனையை சூப்பரக்காவிடம் நீட்டினார்.

“கேக்குதா?”

இன்ஜினின் இரைச்சலுக்குள் ஒரு மெல்லிய சீறல் கேட்டது. பால் பொங்குவதற்கு முந்தைய சத்தம்போல. அவள் தலையை ஆட்டினாள். எக்ஸ்பிரஸ் அந்த இடத்தில் மருந்தை ஒரு சிறு பீச்சு பீச்சினார். தடுமாறிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று நிமிர்ந்தது. மருந்து உலர்ந்ததும் பழையபடி தள்ளாடியது.

“இதான். எண்ணி விட்ட காத்து ஒரு வழியா போகுது, எண்ணாத காத்து இந்த வழியா உள்ள வருது. வண்டி கணக்கு தெரியாம முழிக்குது.”

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, ஃபில்டர் பெட்டியைக் கழற்றினார். அதற்குப் பின்னால் இருந்த தடித்த ரப்பர் குழாய் வெளியே வந்தது. குழாயை இறுக்கும் உலோக வளையம் கோணலாக ஏறியிருந்தது. அதன் ஒரு விளிம்பு ரப்பரைக் கடித்து, நாளாக நாளாக உள்ளே இறங்கி, விரல் நீளத்துக்குக் கிழித்திருந்தது. குழாயை எக்ஸ்பிரஸ் வளைத்துக் காட்டினார். கிழிசல் உதடுபோல் திறந்து மூடியது.

“சூடானா இளகித் திறக்கும். ஆறினா ஒட்டிக்கும். அதான் காலையில சமத்தா இருந்திருக்கு” என்றவர், “ஃபில்டர் கடைசியா எங்க மாத்தினீங்க?” என்று கேட்டார்.

சூப்பரக்கா கணவரைப் பார்த்தாள். இந்தக் காரின் ஃபில்டரை அவர் யாரிடமும் விட்டதில்லை. வருடா வருடம் வீட்டு வாசலில் பாயை விரித்து, ஸ்க்ரூ டிரைவர்களைப் பரப்பி, ஒரு சடங்குபோல் அவரே மாற்றுவார்.

“நான்தான்” என்றார் சர்வேயர். “எட்டு மாசம் இருக்கும்.”

சூப்பரக்கா அந்த வளையத்தைக் கையில் வாங்கினாள். அதன் திருகாணியைச் சுற்றி உலோகமெங்கும் கீறல்கள். திருகாணியின் வெட்டைத் தேடி ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிய கீறல்கள். ஒன்றிரண்டல்ல, இருபது முப்பது இருக்கும். பக்கத்துப் பிளாஸ்டிக் பெட்டியிலும் கோடு கோடாக இழுத்திருந்தது. ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரியாமல் போன தொழிலாளிகளை அவள் பார்த்திருக்கிறாள். துணியில் ஊசி தப்பித் தப்பி இறங்கிய துளைகள் இப்படித்தான் இருக்கும். கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நூல் சரியில்லை என்பார்கள்.

எட்டு மாதம். டாக்டரிடம் போனது ஐந்து மாதத்துக்கு முன்.

அவள் முகம் மாறியதை எக்ஸ்பிரஸ் கவனித்துவிட்டார். வளையத்தை மெதுவாக அவள் கையிலிருந்து திரும்ப வாங்கினார். “பழைய ரப்பர்க்கா. யார் மாட்டினாலும் இப்படித்தான் ஆகும். எனக்கே ஆயிருக்கு” என்றார்.

“இல்லப்பா” என்றார் சர்வேயர். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ரப்பர் நல்லாதான் இருந்துச்சு. எனக்கு அன்னிக்கு அந்த ஸ்க்ரூவே தெரியல. தடவித் தடவித்தான் முடுக்கினேன்.”

எக்ஸ்பிரஸ் புதுக் குழாய் எடுத்துவர உள்ளே போனார். தேடுவதற்கு ஒன்றுமில்லாத அறையில் வெகுநேரம் தேடினார்.

புதுக் குழாயும் புது வளையமும் மாட்டியதும் இன்ஜின் ஓடுவதே தெரியாமல் ஓடியது. பானட்டின் மேல் எக்ஸ்பிரஸ் வைத்த டம்ளரில் தண்ணீர்கூட அசையவில்லை. வழக்கமாக இதையெல்லாம் ரசிக்கிற சூப்பரக்கா, நன்றி சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

நான்கு சிக்னல் தாண்டினார்கள். ஒன்றிலும் கார் அடங்கவில்லை. ஐந்தாவது சிக்னல் வருமுன் அவள் ஒரு பள்ளிக்கூடத்தின் மதிலோரம் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தாள்.

“ஏழு மாசத்துக்கு முன்ன, நம்ம பேத்தி பொறந்து நாலாம் நாள்” என்றாள். “ஆஸ்பத்திரியிலிருந்து மகளையும் குழந்தையையும் யார் கூட்டிட்டு வந்தது?”

“நான்தான்.”

“மழை. ஆறு மணிக்கு மேல. பின்னால நான் குழந்தையை மடியில வெச்சுக்கிட்டிருந்தேன். ஏன் இவ்வளவு மெதுவா போறீங்கன்னு கேட்டேன். குழந்தை இருக்குல்ல, அதான்னீங்க.”

சர்வேயர் தலையசைத்தார்.

“அப்பவே தெரியலையா?”

“நடுவுல ஒரு கறை மாதிரி இருந்துச்சு. முன்னால போற வண்டியோட விளக்கு அதுக்குள்ள போயிடும், வரும். கண்ணாடி மாத்தினா சரியாயிடும்னு நெனச்சேன்.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “அப்படி நெனக்கல. அப்படிச் சொல்லிக்கிட்டேன். நாப்பது வருஷம் கண்ணை வெச்சுப் பொழைச்சவன். கண்ணு போச்சுன்னு எந்த வாயால சொல்றது?”

“என்கிட்டகூடவா?”

“உன்கிட்டதான் கஷ்டம்.”

சூப்பரக்காவுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் தன் காலைக் குறை சொன்னாரே என்ற கோபம் அதில் கால்வாசிகூட இல்லை. அவளுக்கு மறுபடி மறுபடி தோன்றியது அந்த மழையும், அவள் மடியில் துணிப்பொட்டலம்போல் கிடந்த குழந்தையும்தான். தொழிற்சாலையாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் வாய்ப்பாடு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

“டாக்டர்கிட்ட ரெண்டு வாரம்னு சொன்னீங்களே” என்றாள் பிறகு. “அதை மாத்திச் சொல்லணும். நாளைக்கே.”

“சரி.”

“மகள்கிட்டயும். நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்.”

எட்டாம் வாய்ப்பாடு பாதி போன பிறகு, “சொல்றேன்” என்றார்.

டாக்டர் கோபிக்கவில்லை. அது சர்வேயருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. வலது கண்ணின் நடுப்பார்வை இனித் திரும்பாது, முதலிலேயே மூன்று மாதம் முன்னதாக வந்திருந்தால் ஒருவேளை கொஞ்சம் மிஞ்சியிருக்கும், சொல்ல முடியாது என்றார். இடது கண்ணுக்கு ஊசி வேலை செய்கிறது, அதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்து, தினமும் காலையில் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்து, கோடு புதிதாக வளைந்தால் அன்றே வரச்சொன்னார். சர்வேயர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார். ஒட்டியது நேராக இருக்கிறதா என்று மனைவியைக் கேட்டார். “இடது பக்கம் கொஞ்சம் ஏத்துங்க” என்றாள். ஏற்றினார்.

மகளுக்கு அவர் போன் செய்தபோது சூப்பரக்கா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் குரல் மட்டும் கேட்டது. சுற்றி வளைக்காமல் சொன்னார். கறை இருந்ததை, தெரிந்தே ஓட்டியதை, மழையை. பிறகு நெடுநேரம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அல்லது அந்தப் பக்கமும் பேச்சு இல்லையோ என்னவோ.

“பாப்பா அழுவுறாளாம். அப்புறம் பேசறேன்னுட்டா” என்று போனை வைத்துவிட்டு வந்து நின்றார்.

“அழுவுறது பாப்பாதானா?” என்றாள்.

“தெரியல.”

அரை மணி நேரம் கழித்து மகள் அம்மாவைத்தான் கூப்பிட்டாள். “ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வாங்கம்மா” என்றாள். மூக்கு அடைத்திருந்தது. “நீயே ஓட்டிட்டு வா.”

மகள் வீடு மூன்று மணி நேரத் தொலைவு. அவ்வளவு தூரம் சூப்பரக்கா ஓட்டியதில்லை. விடிந்ததும் கிளம்பி, நெடுஞ்சாலையில் எல்லோரையும் முந்தவிட்டு, இரண்டு இடத்தில் நிறுத்தி, பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். வழியில் ஒரு பாலத்தருகே சர்வேயர், “இந்த நிலமெல்லாம் நான் அளந்தது” என்றார். அவள் வேகத்தைக் குறைத்தாள். அவருக்கு எவ்வளவு தெரிந்தது என்று கேட்கவில்லை.

மகள் வாசலிலேயே நின்றாள். இடுப்பில் குழந்தை. அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றாமல் படிக்குக் கீழேயே நின்றுவிட்டார்.

“உங்கமேல எனக்கு இன்னும் கோபம் போகலப்பா” என்றாள்.

“போகவேணாம். இருக்கட்டும்.”

“பிடிங்க இவளை. கை வலிக்குது” என்று குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அம்மாவின் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சர்வேயர் படியில் உட்கார்ந்து குழந்தையை மடியில் நிறுத்திப் பிடித்தார். நேராகப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கல். முகத்தை விட்டுவிட்டு அதன் காதைப் பார்த்தார். ஓரத்தில் மூக்கு வந்தது, கன்னம் வந்தது, புதிதாக முளைத்த கீழ்ப்பல் இரண்டும் வந்தன. தாத்தா ஏன் பக்கவாட்டில் பார்க்கிறார் என்று குழந்தை யோசித்தது. பிறகு அதுவும் தலையைச் சாய்த்து, கையை நீட்டி, அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டது.

“ஏய், குடு” என்றார். குழந்தை கொடுக்கவில்லை. அவரும் விட்டுவிட்டார்.